தெப்பக்குளம் மரக்கடையில் பார்த்த ஐயாவுக்கு

போன மாசியில், மாரியம்மன் தெப்பக்குளம் பக்கத்து மரக்கடையில், என் கையிலிருந்த உடைந்த பலகையை வாங்கிப் பார்த்த ஐயாவுக்கு இந்த நன்றி. உங்கள் பெயரைக் கேட்காமல் விட்டது இன்றுவரை உறுத்துகிறது.

நான் கட்டிக்கொண்டிருந்தது என் முதல் அகூஸ்டிக் கிட்டார். உடலைச் சுற்றி வளைந்து வரும் பக்கப்பலகைக்கு ஈட்டி மரம். கிட்டாரின் இடுப்பு வளைவில் வளைக்கும்போது 2 பலகைகள் அடுத்தடுத்து விரிசல் விட்டு உடைந்தன. நீங்கள் உடைந்த ஓரத்தை நகத்தால் நெருடிவிட்டு, "தம்பி, மரத்தோட நார் ரேகை சாய்ஞ்சு வெளிய ஓடுது பாருங்க. எப்படி வளைச்சாலும் தெறிக்கும்" என்றீர்கள். அப்புறம் அடுக்கைக் கலைத்து, நேர் ரேகை ஓடிய பலகையை நீங்களே தேடி எடுத்தீர்கள். 3 மி.மீ. கனத்தை இழைப்புளியால் குறைத்து, விரலால் அழுத்திப் பார்த்தே நிறுத்தினீர்கள். வீட்டில் அளந்தேன்: 2.1 மி.மீ.

"ராத்திரி பூரா ஊறப்போடாதீங்க. மரத்த வளைக்கிறது தண்ணி இல்ல, சூடு."

அப்படியே செய்தேன். தெளித்த தண்ணீர் முத்தாக உருண்டு ஓடும்வரை, பலகையை வளைக்கும் குழாயைக் காய்ச்சி, பலகையை ஈரத்துணியால் துடைத்து, குழாய்மேல் வைத்துக் காத்திருந்தேன். ஒரு கட்டத்தில் மரம் கைக்குள் சட்டென்று இளகிக் கொடுத்தது. அந்த நொடியை மறக்கவே முடியாது.

ஒரு டீக்கு மேல் எதுவும் வாங்க மறுத்துவிட்டீர்கள். கிட்டார் முடிந்துவிட்டது. கனத்த தந்தியை மீட்டினால் அந்தப் பலகை என் விலாவில் அதிர்கிறது. 3 சனிக்கிழமை அந்தக் கடை வாசலில் வந்து நின்றேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். ஐயாவுக்கு இந்தக் கிட்டாரை ஒருமுறை வாசித்துக் காட்டணும்.