அடுத்தவர் கால அட்டவணை நமக்கு எதற்கு?

ஆசிரியருக்கு,

தமிழக அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வு முடிவு வந்ததும் முதலிடம் பெற்றவர்களின் பேட்டிகள் வெளியாகின்றன. விடிகாலை 4 மணிக்கு எழுந்தது, தினம் 10 மணி நேரம் படித்தது என்று அதில் இருப்பதை அப்படியே எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் பிள்ளைகள் பலர் இரண்டாவது வாரத்தைத் தாண்டுவதில்லை. சோம்பல் என்று அவர்களைத் திட்டுவது தவறு. கடை வேலை முடிந்து இரவு 11 மணிக்கு வீடு திரும்புகிறவர் 4 மணிக்கு எழுந்தால், படிப்பது மனதில் தங்காது.

முதல் ஏழு நாள் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு நோட்டில் எப்போது உட்கார்ந்தோம், எப்போது எழுந்தோம், ஏன் எழுந்தோம் என்று மட்டும் குறிக்கட்டும். கூடவே காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் பழைய வினாத்தாளிலிருந்து 20 வினாக்களுக்கு விடை எழுதிப் பார்க்கட்டும். எந்த வேளையில் மதிப்பெண் கூடுகிறதோ அந்த வேளை கணக்குக்கு. சோர்வான நேரத்தில் தமிழ்ப் பாடநூலைத் திருப்பலாம். பலர் தெளிவான காலை நேரத்தைக் காணொளி பார்த்தே தீர்த்துவிடுகிறார்கள்.

25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமோடோரோ முறை நூல், ஆசிரியர் பெயர்களை மனப்பாடம் செய்யப் பொருந்தும். கூட்டுவட்டி, காலமும் வேலையும் போன்ற கணக்குகளில் பிடி கிடைக்கும்போதே மணி அடித்துவிடும். அதற்கு 50 நிமிடம், 10 நிமிடம் என வைத்துப் பார்க்கலாம். நேரம் பார்க்கக் கைபேசி கூடாது; ஓய்வு முக்கால் மணி நேரமாக நீள்வது அதனால்தான். ஒரு டைம்பீஸ் போதும்.

படித்ததை 1, 3, 7, 21-ஆம் நாள்களில் புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்க்க வேண்டும். திரும்பத் திரும்ப வாசித்தால் வரி பழகிப்போய், தெரிந்தது போலத் தோன்றும். தேர்வறையில் விடை வராது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். அதையும் இரண்டு வாரம் பார்த்த பிறகே வைப்பதா விடுவதா என்று முடிவு செய்யலாம். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகப் படிக்கக் கிளம்பித்தான் பலர் அடியோடு விட்டுவிடுகிறார்கள். விட்டதைப் பிடிக்க ஞாயிறு மதியத்தைக் காலியாக வைத்திருப்பது நல்லது.

இனி வெற்றியாளர்களைப் பேட்டி காணும்போது, எத்தனை மணி நேரம் தூங்கினார்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படித்தார்களா, வீட்டில் சமையலை யார் பார்த்துக்கொண்டார்கள், எத்தனையாவது முயற்சி என்பதையும் கேட்டு வெளியிடுங்கள்.

போட்டித் தேர்வுப் பயிற்றுநர்,
விருதுநகர்