யாரை முதலில் வேலைக்கு எடுப்பது?

அன்புள்ள மல்லி,

உன் கடிதம் கிடைத்தது. மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பெரியவளுக்கு நெய்வேலியில் வேலை கிடைத்திருக்கிறது, கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாகூர்ப் பக்கம் ஊட்டச்சத்து வகுப்பு தொடங்கப்போவதாகவும், முதலில் ஒரு டயட்டீஷியனை வேலைக்கு வைக்கப்போவதாகவும் எழுதியிருந்தாய். வை, ஆனால் முதல் சம்பளம் அந்த ஊரிலேயே குடியிருக்கும் ஒரு பெண்ணுக்குப் போகட்டும். 1980-இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது பணியாளர்களை அப்படித்தான் தேடினார்கள். உள்ளூர்க்காரியாக இருக்க வேண்டும். வசதியில்லாத வீட்டில் பிள்ளையை ஆரோக்கியமாக வளர்த்தவள் என்றால் இன்னும் விசேஷம். அவள் வந்து சொன்னால், 'உனக்கென்ன, காசிருக்கு' என்று யாரும் வாயை அடைக்க முடியாதே! இந்தத் தகுதியை யோசித்துப் பிடித்த புண்ணியவான் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

தேவனாம்பட்டினத்தில் எங்கள் வகுப்பை நடத்துகிறவள் மீன் விற்றுக்கொண்டிருந்தவள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று சுறாப்புட்டு கொடுப்பது இங்கே வழக்கம், உனக்கும் தெரியும். ஆனால் கீரை, பழம் என்றால் 'குழந்தைக்குச் சளி பிடிக்கும்' என்று மாமியார்கள் தடுத்துவிடுவார்கள். இவள் அவர்களோடு வாதம் பண்ணுவதில்லை. புட்டை வாயாரப் புகழ்ந்துவிட்டு, 'அதோடு ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையும் போட்டுப் பாருங்க அத்தை' என்பாள். கீரையோடு எலுமிச்சை சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் ஒட்டும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது குறையும் என்பதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் டயட்டீஷியன். அவருக்கு உரிய வேலை அதுதான். ஊர்ப் பெண்ணைத் தயார் பண்ண வேண்டும், அவள் பேசுவதில் பிசகு இருந்தால் திருத்த வேண்டும். மைக் அவர் கையில் வேண்டாம். மாதத்தில் சில நாள் வந்துபோனால் போதும்.

மேற்பார்வைக்கு அந்தப் பழைய திட்டத்தில் பத்துப் பணியாளர்களுக்கு ஒருவர் இருந்தார். உனக்கு நாலைந்து ஊர்தானே, நீயே போ. போனால் நோட்டைப் புரட்டாமல் வகுப்பில் கூட உட்கார். நோட்டு, செல்போன் பதிவு எல்லாவற்றுக்கும் பகுதிநேரமாக ஓர் ஆள் தனியாக இருக்கட்டும். அதையும் ஊர்ப் பெண் தலையில் கட்டினால் வீடு வீடாகப் போவது நின்றுவிடும்.

அப்புறம், அங்கன்வாடிப் பணியாளர் உன் ஆள் இல்லை என்பதை எல்லோருக்கும் சொல்லி வை. அவருக்கு ஏற்கெனவே கர்ப்பிணிகள், குழந்தைகள், சமையல், பதிவு என்று ஆயிரம் வேலை. அவரைக் கேட்டு வகுப்பு நாளை வை, அதிகாரம் பண்ணாதே.

ஒரு விஷயத்தை மட்டும் இப்போதே முடிவு செய். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைக்கு மேல்கையின் நடுவில் எடுக்கும் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. அங்கே வகுப்பு பயன்படாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கூட்டிக்கொண்டு போவது யார், ஆட்டோ காசு எங்கிருந்து வரும் என்பதை ஆள் எடுக்கும்போதே எழுதி வைத்துவிடு. 'எல்லோருக்கும் பொறுப்பு' என்று விட்டால் ஒருவரும் போகமாட்டார்கள்.

விளம்பரம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை இங்கே வந்து வகுப்பைப் பாரேன். பஸ் ஏறுமுன் போன் பண்ணு, மத்தியானம் சாப்பாடு நம் வீட்டில்தான்.

அன்புடன்,
மீனா