கூழ் ஆலைக்கு முன் கூழுக்கேற்ற தக்காளி வேண்டும்

ஆசிரியருக்கு,

ராயக்கோட்டையிலும் பாலக்கோட்டிலும் தக்காளி விலை சரியும்போதெல்லாம் ‘கூழ் ஆலை வேண்டும்’ என்ற குரல் எழுகிறது. ஆலை அவசியம் வரட்டும். அங்கே விளையும் ரகம் ஆலைக்கு ஆகுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சந்தைக்கான வீரிய ஒட்டு ரகங்கள் லாரியில் நசுங்காமல் போகவும், கடையில் சில நாள் தாங்கவும் உருவாக்கப்பட்டவை. ஆலை பார்ப்பது பழச்சாற்றில் கரைந்துள்ள திடப்பொருளின் சதவீதத்தை, அதாவது பிரிக்ஸை. 28 பிரிக்ஸ் கெட்டிக்கூழ் ஒரு டன் எடுக்க 4 பிரிக்ஸ் பழம் 7 டன் தேவை. 5 பிரிக்ஸ் பழமென்றால் 5.6 டன் போதும் (தோல், விதைக் கழிவு தனி). சுண்டவைக்க வேண்டிய தண்ணீரில் 1.4 டன் குறைகிறது. கொதிகலனில் மிச்சமாகும் அந்த எரிபொருள் செலவிலிருந்துதான் விவசாயிக்குக் கூடுதல் விலை கேட்க முடியும்.

பிரிக்ஸ் மட்டும் போதாது. புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 4.5-க்குக் கீழே நிற்க வேண்டும். காம்பில் கணு இல்லாத ரகமானால் பறிக்கும்போது காம்பு செடியிலேயே தங்கிவிடும். இல்லையேல் ஒட்டிவரும் காம்பு கிரேட்டில் பக்கத்துப் பழத்தைக் குத்தி, அங்கிருந்தே அழுகல் தொடங்கும். அன்னஞ்சி நாட்டு ரகத்திலிருந்து வந்த பி.கே.எம்.1 நம் மண்ணுக்கு நன்கு பழகியது. ஆனால் அதன் பச்சைத் தோள்பட்டை (காம்பைச் சுற்றியுள்ள பச்சைப் பகுதி) கூழின் நிறத்தைக் கெடுக்கும்.

பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ஆலைக்கென்றே அர்கா அபேக்ஷா, அர்கா விசேஷ் வீரிய ஒட்டு ரகங்களை வெளியிட்டுள்ளது. இவற்றைக் கிருஷ்ணகிரி, தருமபுரி வயல்களில் கோடையிலும் மழைக்காலத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். கோடையில் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நோய் வரும். அதைத் தாங்கும் டி.ஒய்.2, டி.ஒய்.3 மரபணுக்கள் சேராத ரகத்தை இங்கே பரிந்துரைப்பது வீண். மழையிலும், அறுவடைக்கு முன் தண்ணீர் மிகுந்தாலும் பிரிக்ஸ் இறங்கும். ஒரு பழத்தைப் பிழிந்து பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. ஒவ்வொரு பறிப்பிலும் பாத்திக்குப் பத்துப் பழமாவது ஒன்றாக அரைத்து, துணியில் வடிகட்டி, ரிஃப்ராக்டோமீட்டரில் அளக்க வேண்டும்.

விளைச்சல் ஏறினால் பிரிக்ஸ் இறங்குவது தக்காளியின் இயல்பு. விளைச்சலை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் தண்ணீர்ப் பழம்தான் மிஞ்சும். ஆகவே செடிகளைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்திலேயே ஆலைக்காரர்களை வேளாண் பல்கலைக்கழகம் வயலுக்கு அழைக்க வேண்டும். ரக வெளியீட்டுக் குறிப்பில் எக்டருக்கு எத்தனை டன் என்பதோடு, எந்தப் பருவத்தில் எத்தனை பிரிக்ஸ் என்பதும் அச்சாக வேண்டும்.

– காய்கறிப் பயிர் ரக ஆய்வில் ஈடுபட்டுள்ளோர், கிருஷ்ணகிரி