புறவாசலில் கொஞ்சம் மண்ணை விட்டு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெயில் ஏறத் தொடங்கியதும் 'பறவைகளுக்குத் தண்ணீர் வையுங்கள்' என்று தங்கள் நாளிதழில் செய்தி போட்டிருந்தீர்கள். நல்ல காரியம். அதைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் நாலு வீட்டில் பிளாஸ்டிக் டப்பாவை வெட்டி மாடிச் சுவரில் தண்ணீர் வைத்தார்கள், பக்கத்திலேயே சோறும் வைத்தார்கள். பத்து நாள் கழித்து, "அண்ணாச்சி, காக்காயத் தவிர ஒண்ணையும் காணமே" என்று என்னிடம் வந்து கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே தங்கள் வாசகர்களுக்கும் சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன்.

சேரன்மகாதேவி வட்டாரத்தில் 32 வருஷம் சைக்கிளில் தபால் கொடுத்தவன் நான். மணியார்டர் கொண்டுபோனால் முன்வாசலில் ஆள் இருக்காது. "புறவாசலுக்கு வாங்க" என்று சத்தம் வரும். அப்படி அநேகமாக எல்லா வீட்டுப் புறவாசலும் எனக்குப் பழக்கம். கிணறு, மாட்டுத் தொழு, வைக்கோல் படப்பு, ஒரு முருங்கை, ஒரு நாரத்தை, கறிவேப்பிலை. பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடிப்போய் வாழைக்கும் சேம்புக்கும் பாயும். அந்த ஈரத்தில் தவளை கிடக்கும். வாழைப்பூவில் தேன்சிட்டு தொங்கும். யாரும் பறவைக்கென்று எதையும் செய்யவில்லை, பறவைகள் இருந்தன. 2014-ல் நான் ஓய்வு பெறும்போது அதே தெருக்களில் முக்கால்வாசிப் புறவாசல்கள் சிமெண்ட் தளமாகிவிட்டன. கழுவுகிற தண்ணீர் குழாய் வழியாக நேரே சாக்கடைக்குப் போகிறது. இந்தத் தரையின் மேல் ஒரு டப்பா தண்ணீரை வைத்துவிட்டுக் குருவியைக் கூப்பிட்டால் அது எதற்கு வரும்?

நானும் அந்தத் தவறைச் செய்தவன்தான். 2016-ல் கோவில் கொடைத் திருவிழாவுக்கு வந்த மூத்த மகன், "மழை பெய்ஞ்சா சகதியாக் கெடக்கு, அம்மா வழுக்கி விழுந்துருவா" என்று சொல்லி, கிணற்றடியிலிருந்து மதில் வரைக்கும் தளம் போட்டான். தாயார் மேல் உள்ள அக்கறை, நானும் சம்மதித்தேன். அதற்கு முன் தினமும் காலையில் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு ஒரே கூட்டமாக வரும். கீச்சுக்கீச்சென்று சண்டை போட்டுக்கொண்டே நாரத்தை அடியில் சருகைப் புரட்டிப் பூச்சி பொறுக்கும். தளம் போட்ட பிறகு மதில் மேல் வந்து உட்கார்ந்து கீழே பார்த்துவிட்டுப் போய்விடும். ஒரு மாதத்தில் அதுவும் நின்றது. இரண்டு கோடை பார்த்தேன், மனசு கேட்கவில்லை. கிணற்றடியில் அவள் நடமாடுகிற பாதையை மட்டும் விட்டுவிட்டு, மீதித் தளத்தைக் கொத்தனாரை வைத்து உடைத்து எடுத்தேன். போட்டதைவிட உடைக்கக் கூலி அதிகம்.

இன்னொன்றும் நடந்தது, அதைச் சொல்ல இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது. எங்கள் அத்திக்கன்றில் தையல்சிட்டு கூடு கட்டியிருந்தது. இரண்டு இலைகளின் ஓரத்தை அலகால் குத்தி, பஞ்சும் சிலந்தி நூலும் கோத்துச் சேர்த்திருந்தது. நூலின் வெளிமுனை பிரிந்து சின்னக் குமிழாக நின்று இலையைப் பிடித்துக்கொண்டிருந்தது, முடிச்சு எதுவும் இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தேன். உள்ளே மூன்று குஞ்சுகள். அதே வாரம் பக்கத்திலிருந்த எலுமிச்சைக் கன்றை ஒரு புழு மொட்டையடிக்கிறது என்று மருந்துக்கடையில் சொன்னேன். ஒரு பாட்டிலைக் கொடுத்து, "ரெண்டு தரம் அடிங்க, ஒரு புழு நிக்காது" என்றார்கள். நிற்கவில்லைதான். நாலாம் நாள் கூட்டில் மூன்று குஞ்சும் செத்துக் கிடந்தன. தாய்க்குருவி சாயங்காலம் வரை அந்த இலையைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் பூச்சிமருந்து வந்ததில்லை.

அந்தப் புழு என்ன என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலைக் கொழுந்தில் குருவி எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டிக்கொண்டிருக்கும். வளர்ந்தால் இலைப்பச்சை நிறம். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செக்கச்செவேலென்று இரண்டு கொம்பை நீட்டும், ஒரு வாடை அடிக்கும். பெரிய பட்டாம்பூச்சிகளின் பிள்ளை அது. நாலு இலையைத் தின்றால் மரம் செத்துவிடாது, மறுபடி துளிர்க்கும். தேன்சிட்டு பூவில் தேன் குடித்தாலும் குஞ்சுக்குச் சிலந்தியையும் பூச்சியையும்தான் ஊட்டும். தானியம் தின்கிற சிட்டுக்குருவிகூட அலகில் புழுவோடுதான் கூட்டுக்குப் போகும். மார்ச் 20-ல் சிட்டுக்குருவி நாளுக்குக் கூட்டுப்பெட்டி வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஒன்றேகால் அங்குல ஓட்டை போட்ட பெட்டியை, பூனைக்கு எட்டாமல் தாழ்வாரத்தில் பத்தடி உயரத்தில் மாட்டினால் குருவி வருவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் சுற்றிலும் புழு பூச்சி இல்லாத இடத்தில் முட்டை பொரித்து என்ன செய்யும்?

இனி தோட்டக்கள்ளன் என்கிற பறவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறுமணிக்குருவி என்றும் சொல்வார்கள், காலையிலும் மாலையிலும் ஆறு மணியை ஒட்டிக் கூப்பிடுவதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் பக்கமும் இலங்கைக்கும் வருகிற பறவை. தளத்தை உடைத்த பிறகு மேற்கு மூலையில் ஒரு கட்டில் அகலத்துக்குச் சருகைக் கூட்டாமல் விட்டிருந்தேன். வீட்டில், "குப்பையக் கூட்டாமப் போட்டா வாரவ போறவ என்னங்க சொல்லுவா?" என்று வருத்தம். மூன்றாவது வருஷம் ஐப்பசியில், ராத்திரி முழுக்க மழை பெய்து விடிந்த ஒரு காலை, அவளே அடுக்களை ஜன்னலிலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டாள். மைனாவைவிடச் சின்னது, வாலை வெட்டிவிட்டது போல் கட்டை. முதுகு பச்சை, இறக்கையில் ஒரு துண்டு நீலம், கண்ணில் மை தீட்டியது போல் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. தத்தித் தத்திப் போய் அலகால் ஒரு சருகைத் தூக்கி ஒருபக்கமாக எறிந்துவிட்டு, அடியிலிருந்த புழுவை எடுத்தது. அத்தனை தூரம் பறந்து வந்த பறவைக்கு எங்கள் வீட்டில் இருந்தது அந்தச் சருகுதான். அன்றிலிருந்து அந்த மூலையில் விளக்குமாறு படுவதில்லை, அவளே காவல். இதோ பங்குனி பாதி ஆகிவிட்டது. இன்று காலையும் ஆறடிக்கச் சில நிமிஷம் இருக்கும்போது கூப்பிட்டது.

பாம்பு வராதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான், நம் பக்கம் கண்ணாடி விரியனும் உண்டு. ஆகவே சருகை வீட்டுச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள், தூர மூலையில் போடுங்கள். செங்கல், விறகு, ஓடு அடுக்கி வைப்பதும் அங்கேயே இருக்கட்டும். ராத்திரி டார்ச் இல்லாமல் புறவாசலில் இறங்காதீர்கள். எங்கள் வீட்டுக்கு எப்போதாவது ஒரு சாரை வருகிறது. அதற்கு விஷம் கிடையாது, எலியைத் தேடி வருகிறது, போகிறது. கொசுவுக்கும் வழி உண்டு. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். கிண்ணத்துத் தண்ணீரைத் தினமும் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக வைத்தால் கொசுவுக்கு இடமில்லை. கிண்ணம் என்றால் காருகுறிச்சி மண்சட்டி நல்லது. இரண்டு அங்குல ஆழம் போதும், நடுவில் ஒரு கல், செடி நிழலில் வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் பிளாஸ்டிக் டப்பாத் தண்ணீர் மத்தியானம் கொதிக்கிறது. காக்கைக்கு ஒரு பிடி சோறு வைப்பது நம் வழக்கம், அதை விடச் சொல்லவில்லை. ஆனால் நாள் முழுக்கச் சோறு கிடக்கிற வீட்டில் காக்கை கூடும், அது சின்னக் குருவிகளின் கூட்டைப் பிய்த்துவிடும்.

நான் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. திருநெல்வேலியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் கூந்தன்குளம் இருக்கிறது. 1994-ல் சரணாலயம் என்று அறிவித்தார்கள், 2022-ல் உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுப் புறவாசல் மரங்களைக் கூழைக்கடாவுக்கும் நாரைக்கும் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. மரத்திலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்க்கிறார்கள். எச்சம் விழுகிற குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்கிறார்கள். நாலு சென்ட் வீட்டுக்காரர் அத்தனையும் செய்ய வேண்டாம். வீடு கட்டும்போது பின்னால் கால் சென்ட் மண்ணை மூடாமல் விட்டு, அதில் ஒரு நாரத்தையோ கறிவேப்பிலையோ, வேலியில் கோவைக்கொடியோ, ஒரு செம்பருத்தியோ நட்டால் போதும். அடுத்த தடவை 'தண்ணீர் வையுங்கள்' என்று போடும்போது 'மண்ணை விட்டு வையுங்கள்' என்று ஒரு வரி சேர்த்துப் போட வேண்டும் என்று தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டு மரத்தடியில் பறவைகள் போட்ட விதையிலிருந்து போன மழைக்கு முளைத்த வேம்பு, நாவல், கோவைக் கன்றுகள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. பால் பாக்கெட்டில் மண் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். தெருவில் கேட்டவர்களுக்கு முதலில் கொடுக்கிறேன். அந்த நாலு வீட்டில் ஒரு வீட்டார் நேற்று வந்து இரண்டு வாங்கிப் போனார்கள். நடுவதற்காகத் தளத்தில் ஓர் ஓரத்தை உடைக்கப் போகிறார்களாம், கடப்பாரையும் என்னிடம்தான் வாங்கிப் போயிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
சேரன்மகாதேவி.