சிகாகோ என்றால் கோபுரம் மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் சிகாகோ பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். வில்லிஸ் கோபுரத்தின் 103-ஆவது மாடியில் கண்ணாடித் தளத்தில் நின்று கீழே பார்ப்பது, நேவி பியரில் ராட்டினம் ஏறுவது, கிளவுட் கேட் என்ற கண்ணாடி போலப் பளபளக்கும் சிற்பத்தின் முன்னால் நின்று போட்டோ எடுப்பது என்று எல்லாம் இருந்தது. அவற்றில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் இந்த ஊரே எதன் கரையில் உட்கார்ந்திருக்கிறதோ அந்த மிச்சிகன் ஏரிக்கு மொத்தக் கட்டுரையிலும் ஒரே ஒரு வரி, அதுவும் மாடியிலிருந்து பார்த்தால் நீலமாகத் தெரியும் என்பதோடு முடிந்துவிட்டது. இங்கே குடியிருப்பவன் என்ற உரிமையில் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். டிக்கெட் வாங்கி ஏறுகிற இடங்களையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, காசே இல்லாமல் கிடைக்கிற ஆகப் பெரிய சொத்தை விட்டுவிட்டால் எப்படி?

முதலில் ஏரியின் அளவைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏரி என்றதும் ஒரு மாலையில் சுற்றி வந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர். மிச்சிகன் ஏரி வடக்கு தெற்காக 490 கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஆழமான இடத்தில் 280 மீட்டர், பரப்பில் இலங்கையைவிடக் கொஞ்சம்தான் சிறியது. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. அலை அடிக்கும், மணல் இருக்கும், உப்பு மட்டும் இருக்காது. ஊர் முழுக்கக் குடிப்பதும் இந்தத் தண்ணீரைத்தான். அதில் சாக்கடை கலக்கக் கூடாது என்றுதான் 1900-இல் சிகாகோ ஆற்றையே எதிர்ப்பக்கமாகத் திருப்பிவிட்டார்கள். ஆற்றிலிருந்து ஏரிக்குள் போகிற படகில் ஏறினால் நடுவில் ஒரு மதகுக்குள் படகை நிறுத்தி, தண்ணீர் மட்டத்தைச் சரிசெய்து, அப்புறம்தான் கதவைத் திறப்பார்கள். வழிகாட்டி மைக்கில் என்ன பேசினாலும் அந்த நேரத்தில் குழந்தைகள் எல்லாரும் படகு விளிம்பில் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், தண்ணீர் ஏற ஏற சுவரில் ஈரக்கோடு மறைவதை.

சரி, கரைக்கு வருகிறேன். வடக்கே ஆர்ட்மோர் அவென்யூவில் தொடங்கித் தெற்கே 71-ஆம் தெரு வரை சுமார் 29 கிலோமீட்டருக்கு ஏரியை ஒட்டியே பாதை போகிறது. நடப்பவர்களுக்குத் தனி, சைக்கிளுக்குத் தனி என்று 2018-இல் பிரித்துவிட்டார்கள். இவ்வளவு பெரிய நகரத்தில் தண்ணீர் ஓரத்து நிலம் பெரும்பாலும் தனியார் மாளிகைகளாகவும் ஓட்டல்களாகவும் போகாமல் எல்லாருக்கும் திறந்து கிடப்பது தானாக நடந்ததில்லை. 1836-இல் வரைந்த ஒரு நில வரைபடத்தில் கரையோரத் துண்டு ஒன்றைக் குறித்து, இது பொது நிலம், என்றைக்கும் கட்டடம் எதுவும் இல்லாமல் திறந்தே இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். எழுதிவைத்தால் போதுமா? அரை நூற்றாண்டுக்குள் அந்த இடம் குப்பைமேடும் கொட்டகையுமாக ஆகிவிட்டது. 1871 பெருந்தீயில் எரிந்த ஊரின் இடிபாடுகளையும் அங்கேதான் ஏரிக்குள் கொட்டி மேடாக்கினார்கள். தபாலில் சரக்கு விற்றுப் பணக்காரரான மாண்ட்கோமெரி வார்டு என்ற வியாபாரியின் அலுவலகம் அதற்கு நேர் எதிரே இருந்தது. அவர் அந்தப் பழைய வரைபடத்தை ஆதாரமாக வைத்து 1890-இல் வழக்குப் போட்டார், இருபது வருடம் விடாமல் நடத்தினார். அங்கே வரவிருந்த கட்டடங்களைத் தடுத்ததால் ஊரில் அவருக்குக் கிடைத்த திட்டுக்குக் குறைவில்லை. கடைசியில் மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கமே நின்றது. ஃபீல்டு மியூசியம் அந்த நிலத்தில் உருவான கிராண்ட் பார்க் பூங்காவின் நடுவில் வராமல் தெற்கு ஓரத்துக்குத் தள்ளிப் போனது இப்படித்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே பூங்காவின் ஒரு மூலையில் உள்ள மில்லேனியம் பார்க்கில் ஃபிராங்க் கேரி வடிவமைத்த பிரிட்ஸ்கர் பெவிலியன் என்ற திறந்தவெளி இசை மேடை, எஃகுத் தகடுகள் பூவிதழ் மாதிரி விரிந்து நிற்குமே, உயரக் கட்டுப்பாடு குறுக்கே வந்ததால் அதைக் கட்டடம் என்று கணக்கில் எடுக்காமல் கலைப்படைப்பு என்று சொல்லித்தான் எழுப்பினார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய தீர்ப்புக்கு அவ்வளவு பயம்! ஸ்டார் வார்ஸ் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் தன் அருங்காட்சியகத்தை ஏரிக்கரையில் கட்ட வந்து, பூங்கா ஆர்வலர்கள் வழக்குப் போட்டதில் 2016-இல் திட்டத்தைக் கைவிட்டு லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போய்விட்டதும் இந்த வரிசையில்தான் வருகிறது. எனக்கு அந்த மியூசியம் வந்திருந்தால் பிடித்துத்தான் இருக்கும். ஆனாலும் வேறு இடத்தில் கட்டட்டும் என்ற கட்சிதான் நான்.

இனி வருகிறவர்களுக்கு உபயோகமான விஷயம். ஏரி ஊருக்குக் கிழக்கே இருக்கிறது, ஆகவே சூரியன் தண்ணீரிலிருந்து எழும், கட்டடங்களுக்குப் பின்னால் மறையும். காலையில் சீக்கிரம் எழுகிற பழக்கம் உள்ள நம் பெற்றோர்களுக்கு இது பெரிய வசதி. மகன் மகள் வீட்டுக்கு வந்து, அவர்கள் வேலைக்குப் போனதும் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாக, விடியற்காலையில் அவர்களையும் இழுத்துக்கொண்டு வடக்கே மாண்ட்ரோஸ் ஏரிக்கரைப் பக்கம் போய் வாருங்கள். அங்கே ஒரு பறவைகள் சரணாலயம் இருக்கிறது. வலசைக் காலத்தில், அதாவது மே மாதத்திலும் செப்டம்பரிலும், ஒரு புதர் வரிசைக்கு முன்னால் பத்திருபது பேர் பைனாகுலரோடு மூச்சுக் காட்டாமல் நிற்பதைப் பார்க்கலாம். அழியும் நிலையில் இருந்த சின்னஞ்சிறு உப்புக்கொத்தி ஜோடி ஒன்று 2019-இல் அங்கே மணலில் முட்டையிட்டது. அதற்காகக் கரையில் நடக்கவிருந்த இசை விழாவையே ரத்து செய்தார்கள்.

மாலை என்றால் அட்லர் கோளரங்கத்துக்குப் போங்கள். உள்ளே போக நேரமில்லாவிட்டாலும் பரவாயில்லை, அது ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனையில் இருக்கிறது, அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் மொத்த ஊரும் எதிரே நிற்கும். கோபுரத்தின் மேல் ஏறினால் கோபுரம் தெரியாது, இங்கே தெரியும். வரிசையில் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தெற்கே 55-ஆம் தெருவில் புரொமான்டரி பாயிண்ட் என்று இன்னோர் இடம். சுண்ணாம்புக்கல் பாளங்களைப் படிப்படியாகத் தண்ணீருக்குள் இறக்கியிருப்பார்கள். அந்தக் கற்களை எடுத்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்ற திட்டத்தை அக்கம்பக்கத்தார் இருபது வருடங்களுக்கு மேலாக எதிர்த்து வருகிறார்கள். போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் ஏன் என்று புரியும். மதிய வெயிலை வாங்கிய கல் சாயங்காலம் வரை இளஞ்சூடாக இருக்கும், காலுக்குக் கீழே தண்ணீர் இடுக்குகளில் புகுந்து வெளியே வரும், பக்கத்தில் யாராவது ஒரு தாத்தா தூண்டிலைப் போட்டுவிட்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பார்.

விவேகானந்தர் பேசிய இடத்தைப் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்கள் மிச்சிகன் அவென்யூவில் உள்ள ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டுக்குத்தான் போக வேண்டும். 1893 செப்டம்பர் 11 அன்று சர்வசமய மாநாடு கூடிய கட்டடம் அதுதான், அவர் பேசிய மண்டபம் மட்டும் இப்போது இல்லை. வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு அப்படியே காரில் ஏறிப் போய்விடுகிறார்கள். பின்பக்கம் ரயில் பாதையைத் தாண்டி நடந்தால் சற்று நேரத்தில் பக்கிங்ஹாம் நீரூற்று, கோடையில் மணிக்கொருமுறை 150 அடி உயரத்துக்குத் தண்ணீரை வீசும், அதற்குப் பின்னால் சாலையைக் கடந்தால் ஏரிதான்.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், இதுவும் கட்டுரையில் இல்லை. மே, ஜூனில் ஊருக்குள் வெயில் கொளுத்தும்போதே கரையில் பற்கள் கிட்டிப்போகிற குளிர் இருக்கலாம். நிலம் சூடாகிக் காற்று மேலே எழும்ப, இன்னும் குளிராகவே இருக்கிற ஏரியின் காற்று அந்த இடத்துக்கு வந்துவிடும். இங்கே வானிலை அறிக்கையில் 'ஏரிப் பக்கம் குளிர்ச்சி' என்று சேர்த்துச் சொல்வதே வழக்கம். ஒரு ஸ்வெட்டரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அம்மாக்களுக்கு இரண்டு. குளிக்க நினைப்பவர்கள் உயிர்காப்பாளர்கள் இருக்கும் கோடை நாட்களில், அவர்கள் இருக்கும் நேரத்தில் மட்டும் இறங்குங்கள். கொடியைப் பாருங்கள். சிவப்பு என்றால் இறங்கவே கூடாது, மஞ்சள் என்றால் ஜாக்கிரதை. கான்கிரீட் சுவர்களுக்கும் அலைதாங்கிகளுக்கும் பக்கத்தில் நீரோட்டம் இழுக்கும், நன்றாக நீந்தத் தெரிந்தவர்களையும் இழுத்திருக்கிறது. ஏரிதானே என்ற அலட்சியம்தான் இங்கே ஆபத்து. அப்புறம், தயவுசெய்து குடும்பத்தோடு நாலு பேராக வரிசை கட்டிச் சைக்கிள் பாதையில் நடக்காதீர்கள். பின்னாலிருந்து 'இடப்பக்கம் வருகிறேன்' என்று ஆங்கிலத்தில் ஒரு சத்தம் கேட்கும், திரும்பிப் பார்ப்பதற்குள் உரசிக்கொண்டு பறப்பார்கள். தப்பு அவர்கள்மேல் இருக்காது.

வாடகை சைக்கிள் நிலையங்கள் கரை நெடுகிலும் இருக்கின்றன. கொடுத்த நேரத்துக்குள் ஏதாவது ஒரு நிலையத்தில் திரும்ப மாட்டிவிட வேண்டும், இல்லையென்றால் நிமிடத்துக்கு நிமிடம் கட்டணம் ஏறும். முழு நாளும் ஓட்டப்போகிறவர்கள் சாதாரண வாடகைக் கடையில் எடுப்பதே லாபம். நடக்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம், கரையை ஒட்டிய சாலையில் நகரப் பேருந்துகள் போகின்றன, லிங்கன் பார்க் மிருகக்காட்சிசாலை வரை போய் இறங்கினால் அதற்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது.

அடுத்து ஏரியோர ஊர் எதைப் பற்றி எழுதினாலும், எந்த மாடியிலிருந்து பார்க்கலாம் என்பதோடு நிறுத்தாமல், கரையில் எங்கே இறங்கலாம், எந்த மாதத்தில் இறங்கக் கூடாது என்பதையும் உங்கள் கட்டுரையாளரிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். முடிந்தால் ஒரு வரைபடமும் வேண்டும், போன இதழில் போட்டிருந்த படத்தில் ஏரி இருக்க வேண்டிய பக்கத்தில் விளம்பரம் வந்திருந்தது.

இப்படிக்கு,
சிகாகோவிலிருந்து ஒரு வாசகர்