மின்விலைப்பட்டியலையே மூல ஆவணமாக ஏற்றுக்கொள்ளுங்கள்

கொள்முதல், கணக்குப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் உணவகங்களுக்கு மளிகை அனுப்பும் லிட்டில் இந்தியா கடைக்காரர்களில் நானும் ஒருவன். சென்ற வாரம் எங்கள் விலைப்பட்டியல்களை ‘மூலப் பிரதி இல்லை’ என்ற ஒற்றை வரியுடன் திருப்பி அனுப்பினீர்கள்.

அவை சிங்கப்பூரின் தேசிய மின்விலைப்பட்டியல் வலையமைப்பான இன்வாய்ஸ்நவ் வழியாக அனுப்பப்பட்டவை. எங்கள் கணக்கு மென்பொருளிலிருந்து புறப்படும் தரவு, யார் கையும் படாமல் உங்கள் மென்பொருளில் வந்து சேர்கிறது. சேர்ந்தும் விட்டது. அதை அச்சிட்டு, பேனாவால் கையொப்பமிட்டு, கடை முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து பிடிஎஃப் கோப்பாக உங்கள் தளத்தில் ஏற்ற வேண்டுமாம். போதாததற்குத் தாளையும் நேரில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். பிறகு உங்கள் ஊழியர் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்து எண்களை மறுபடி தட்டச்சு செய்கிறார். 380 வெள்ளி 330 வெள்ளி ஆவது அங்கேதான். அதற்கு விளக்கக் கடிதம் எழுதுவது மட்டும் நாங்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பணம் வரும் நாள்தான் கழுத்தை நெரிக்கிறது. 30 நாள் தவணையை நீங்கள் சரக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவதில்லை, தரவு வந்த நாளிலிருந்தும் எண்ணுவதில்லை. தாள் மேசைக்கு வந்த நாளே உங்களுக்கு முதல் நாள். மொத்த வியாபாரிக்கு நான் கொடுப்பது ரொக்கம். ஊழியர்களுக்கோ சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும், அது சட்டம். முத்திரை மங்கலாக விழுந்துவிட்டது, அடுத்த மாதம் வாருங்கள் என்று அவர்களிடம் நான் சொல்ல முடியுமா?

மின்வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆவணத்தைச் செல்லாது என்று ஒதுக்க முடியாது என்பது 2010ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம். வணிகப் பதிவுகளை 5 ஆண்டு பாதுகாக்கச் சொல்லும் உள்நாட்டு வருவாய் ஆணையமே அவற்றை மின்வடிவில் வைத்திருக்க அனுமதிக்கிறது. நிறுவனங்களுக்குப் பொது முத்திரைகூட 2017 மார்ச் 31 முதல் கட்டாயமில்லை. வரி வசூலிப்பவருக்குப் போதுமானது மிளகாய்த்தூள் வாங்குபவருக்குப் போதவில்லை!

எனவே, வலையமைப்பில் வரும் விலைப்பட்டியலையே மூல ஆவணமாக ஏற்று, அது வந்த நாளிலிருந்து தவணையை எண்ணுங்கள்.

இத்தனைக்கும் டிஜிட்டல்மயமாவது எப்படி என்று விளக்க எங்களைக் கூட்டத்துக்கு அழைத்தவர்களும் நீங்கள்தான். பதிவுப் படிவத்தை அச்சிட்டு நிரப்பிக் கொண்டுவரச் சொல்லியிருந்தீர்கள். கூடவே அடையாள அட்டை நகலும் கேட்டீர்கள். சட்டம் கோரினாலோ, அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்யும் தேவை இருந்தாலோ தவிர அதை வாங்கக் கூடாது என்ற விதிமுறை 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தேநீரும் வடையும் கொடுக்கும் கூட்டத்துக்கு அவ்வளவு துல்லியம் எதற்கு? அந்த நகல்கள் இப்போது எந்த அலமாரியில் இருக்கின்றன, எப்போது அழிக்கப்படும் என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

அது தனிக்கதை, மன்னிக்கவும். இந்த மடலின் கோரிக்கை ஒன்றுதான். அடுத்த விலைப்பட்டியலையும் இன்வாய்ஸ்நவ் வழியாகவே அனுப்புகிறேன். தாள் கேட்காமல் அதையே மூலமாக ஏற்று, அது வந்த நாளைக் குறித்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லிட்டில் இந்தியா மளிகைக் கடைக்காரர் ஒருவர்