டேங்கைத் திறப்பதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள்: கார் பணிமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

கார் பழுதுபார்க்கும் பணிமனைகளை நடத்துவோருக்கும் அங்கே பணிபுரியும் மெக்கானிக்குகளுக்கும்,

வணக்கம்.

எரிபொருள் முள் தவறாகக் காட்டுகிறது என்று சொல்லிக் காரைக் கொண்டுவந்து விட்டால், பல பணிமனைகளில் கிடைக்கும் முதல் பதில் மீட்டர் போர்டை மாற்ற வேண்டும் என்பதாகவோ, பம்ப்புடன் சேர்ந்த டேங்க் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்பதாகவோ இருக்கிறது. இந்தப் பழுதில் தொடர்புடைய பாகங்களில் விலை மிகுந்தவை இவை இரண்டும்தான். எந்தச் சோதனையின் அடிப்படையில் இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பது மட்டும், செய்யும் வேலைகளைக் குறித்துவைக்கும் ஜாப் கார்டில் எழுதப்படுவதில்லை. அதை எழுதுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

டேங்குக்குள் இருக்கும் மிதவை எரிபொருளின் மட்டத்தோடு ஏறி இறங்க, அதன் கம்பியோடு இணைந்த சிறு தொடுமுனை ஒரு மின்தடைப் பட்டையின் மீது உரசி நகர்கிறது. மிதவையும் பட்டையும் சேர்ந்த இந்த அமைப்புதான் டேங்க் யூனிட். மாறும் அந்த மின்தடையைத்தான் முள் அளவாகக் காட்டுகிறது. மின்தடையை ஓம் என்ற அலகில் அளப்பார்கள்; இந்த ஓம் அளவு எல்லாக் கார்களுக்கும் ஒன்றல்ல. காலி டேங்குக்கு 240, நிறைந்த டேங்குக்கு 33 என்று ஒரு வகை; காலிக்கு 0, நிறைவுக்கு 90 என்று இன்னொரு வகை; 10 முதல் 180 வரை ஏறும் வகையும் உண்டு. ஆகவே அளவு பாராமல் வேறொரு மாடலின் யூனிட்டைப் பொருத்திவிட்டு, முள் அசைகிறதே என்று காரைத் திருப்பித் தருவது பழுது நீக்கியதாகாது.

சோதனைக்கு அதிக நேரம் தேவையில்லை. பியூஸைப் பார்த்துவிட்டு, டேங்க் யூனிட்டின் கனெக்டரைக் கழற்றி, இக்னிஷனைப் போட்டு முள்ளைக் கவனியுங்கள். மீட்டருக்கு ஒயர் நேரடியாகச் செல்லும் பழைய கார்களில், முள் ஏதேனும் ஒரு கோடிக்குப் போக வேண்டும்; சிக்னல் ஒயரை ஒரு கணம் எர்த் செய்தால், அதாவது காரின் உலோகப் பாடியோடு இணைத்தால், மறுகோடிக்கு வர வேண்டும். இரண்டும் நடந்தால் மீட்டரிலும் ஒயரிங்கிலும் பழுதில்லை. சந்தேகம் டேங்க் பக்கமும் அதன் எர்த்திலும் மட்டுமே மிஞ்சுகிறது. கட்டுப்பாட்டு யூனிட் வழியாக முள் இயங்கும் புதிய கார்களில் இப்படி நேரடியாக எர்த் செய்யாமல், உரிய ஓம் கொண்ட ரெசிஸ்டரை இணைத்துப் பார்ப்பதே பாதுகாப்பு. காரின் கணினியில் பதிவான பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரும் அங்கே உதவும்: P0462 என்றால் சிக்னல் அளவுக்கு மீறித் தாழ்ந்திருக்கிறது, P0463 என்றால் மீறி உயர்ந்திருக்கிறது, P0464 என்றால் விட்டு விட்டு வருகிறது. ஆனால் இந்தக் குறியீடு எந்தச் சர்க்யூட்டில் பழுது என்பதைத்தான் சொல்கிறது. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. ஸ்கேனர் திரையைக் காட்டியே புதிய யூனிட்டுக்கு ஆர்டர் போடும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

எர்த்தைத் தனியே வலியுறுத்துகிறேன். டேங்க் அருகே பாடியில் முடுக்கிய எர்த் ஒயரின் முனை துருப்பிடித்தால், அந்தத் துருவின் மின்தடையும் கணக்கில் சேர்ந்துவிடும். 240-33 வகையில் முள் உண்மையைவிடக் குறைவாகவும், மற்ற இரு வகைகளில் கூடுதலாகவும் காட்டும். விளக்கைப் போட்டதும் முள் நகர்கிறது என்று கார்க்காரர் சொன்னால், டேங்கை இறக்கும் முன் அந்த முனையைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். பழைய கார்களில் என்ஜின் சூட்டைக் காட்டும் வெப்பமானியின் முள்ளும் கூடவே தவறினால், இரண்டுக்கும் பொதுவான மின்னழுத்தச் சீராக்கியைப் பாருங்கள். டேங்கைத் தொட வேண்டிய அவசியமே வராது.

இத்தனைக்கும் பிறகு யூனிட்டை வெளியே எடுத்தாக வேண்டுமென்றால், பேட்டரி இணைப்பைக் கழற்றி, தீப்பொறிக்கு இடமில்லாத காற்றோட்டமான இடத்தில் எடுங்கள். மிதவையைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே எரிபொருள் புகுந்திருந்தால் அது மூழ்கியே கிடக்கும், முள்ளும் காலியிலேயே நிற்கும். பிறகு, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரின் முனைகளை யூனிட்டின் இணைப்புகளில் வைத்து, மிதவைக் கம்பியை அடியிலிருந்து உச்சிவரை மெல்ல நகர்த்துங்கள். ஓம் அளவு இடையில் எங்கேனும் தாவினாலோ அறுந்தாலோ, பட்டை அந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது. எரிபொருளில் கலந்த கந்தகம் வெள்ளித் தொடுமுனைகளைக் கருக்கவைப்பதும் உண்டு. பட்டையும் மிதவையும் தனியே கிடைக்கும் மாடல்களில், நன்றாக ஓடும் பம்ப்பையும் சேர்த்து மாற்றச் சொல்வதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

"முள் ஓடாவிட்டால் என்ன, கணக்குப் பார்த்து நிரப்பிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவைப்பவர்களும் இருக்கிறீர்கள். பல கார்களில் எச்சரிக்கை விளக்கும் இதே யூனிட்டை நம்பித்தான் எரிகிறது. முள் பொய் சொன்னால் விளக்கும் பொய் சொல்லும். டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பதும் எரிபொருள்தான் என்பதால், அடிக்கடி வற்றும்வரை ஓட்டினால் அதற்கும் கேடு.

ஆகவே பாகத்துக்கு ஆர்டர் கொடுக்கும் முன், கனெக்டரைக் கழற்றியபோது முள் நின்ற இடம், எர்த்தின் நிலை, மிதவை அடியிலும் உச்சியிலும் இருக்கையில் வந்த ஓம் அளவு ஆகியவற்றை ஜாப் கார்டில் எழுதிக் கையொப்பமிடுங்கள். கழற்றிய பழைய யூனிட்டையும் பில்லோடு சேர்த்துக் கார்க்காரரிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கார் உரிமையாளர்